சுடுமணல் முடிச்சு

புள்ள,

அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலடியில் ஒருவன் கச்சான் கடலை வறுக்கிறான். கச்சான் மணப்பதற்கு முன்னால், சட்டியில் மணல் சூடேறும் வாசம் ஒன்று வரும். இன்றைக்கும் அது மூக்கில் ஏறியது. என் கால் அங்கேயே நின்றுவிட்டது. நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி மகள் இதை எழுதுகிறாள்.

நாம் கலியாணம் முடித்த நாளிலிருந்தே, மாரி பிறந்தால் முழங்காலும் இடுப்பும் உன்னைத் தின்னும். கடற்கரை மணலை வறுத்து, என் பழைய சாரன் துண்டில் முடிந்து ஒற்றுவேன். "இன்னும் கொஞ்சம் சூடா" என்பாய். என் உள்ளங்கை பொறுக்காத சூட்டை உன் எலும்பு கேட்டது.

எங்கள் ஊரை அந்தப் பெரிய சூறாவளி அடித்துச் சில வருசம் போய்த்தான் கொழும்பு ஆஸ்பத்திரியில் நோய் இன்னதென்று சொன்னார்கள். டொக்டர் கடதாசியில் கீறிக் காட்டினார். வட்டமாயிருக்க வேண்டிய இரத்த அணு, நெல் வெட்டும் தாக்கத்தி போல வளைந்து கிடந்தது. அது குழாயில் சிக்கினால் நோவாம்.

"ஒரு புது மருந்து இருக்கு. இன்னும் சோதனையிலதான்" என்றார்.

"எங்கட நெலமயும் அதுதான் டொக்டர். அல்லாஹ்ட சோதன. பொறுத்துத்தான் இருக்கம்" என்றேன்.

அவர் முழித்தார். நீ முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாய். பிறகுதான் எனக்கு விளங்கியது, ஆட்களுக்குக் கொடுத்து மருந்தைப் பார்க்கிறார்கள் என்று. நோவு குறையலாம், உடம்பு இன்னும் கெட்டும் போகலாம். முன்கூட்டி யாருக்கும் தெரியாது.

"எழும்பு புள்ள, ஊருக்குப் போவம். நீ என்ன எலியா?"

நீ அசையவில்லை. "இஞ்சருங்க, ஒங்கட மணல் முடிச்சும் சோதனதானே? எத்தின தரம் தோல் பொங்கிச்சு? நான் வாணாமெண்டு சொன்னனா?"

விருப்பமா என்று டொக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். இடையில் விடலாம் என்றும் சொன்னார். "ஓம், ஓம்" என்று தலையாட்டிய நீ என் பக்கம் குனிந்தாய். "நிக்காஹ்வுக்குக்கூட என்னட்ட ஆரும் இவ்வளவு கேக்கல்ல."

அடுத்த மாரி கொட்டித் தீர்த்தது. சட்டி கவிழ்ந்தே கிடந்தது. பழக்கதோசத்தில் நான் அடுப்படிக்குப் போனால், "ஒங்கட உத்தியோகம் போயிட்டு" என்று நக்கலடிப்பாய். மழை விட்ட கையோடு கடற்கரைக்கு நடப்பாய். சால்வையைத் தூக்கிக்கொண்டு நான்தான் பின்னால் ஓடிவர வேண்டும்.

அப்படிச் சில மாரிகள் நமக்குக் கிடைத்தன. பிறகு நெஞ்சைக் கட்டிய அந்தக் காய்ச்சல் வந்தது. மருந்தும் போதவில்லை.

"சட்டிய வைக்கட்டா?" என்று கேட்டேன்.

"வாணாம். கைய வைங்க" என்றாய்.

இன்றைக்கும் ஒரு சுருள் கச்சான் வாங்கினேன். "பல்லில்லாத மூத்தவாப்பாக்கு இது என்னத்துக்கு?" என்று சிரிக்கிறான் கச்சான்காரன். சுருளை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நடக்கிறேன். வீடு வந்து சேரும்போதும் கை சூடாகவே இருக்கும். வைக்கத்தான் உன் முழங்கால் இல்லை.