முன்சீட்டில் கங்காணி

ஆசை மாப்ள முருகேசா,

முதலில் ஊர்ச் செய்தி. எஸ்டேட் லயத்து வீட்டு வரிசை முனையில் உனக்கு அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறோம். கோட்டு, டை எல்லாம் உண்டு. ஜீப் ஓட்டின காலமெல்லாம் மேல்பட்டன் போடாதவன், செத்த பிறகு கலெக்டர் மாதிரி நிற்கிறாய். என்ன செய்ய? நீ தனியாக நின்ற படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எல்லாவற்றிலும் உன் நாய் கங்காணி உன்மேல் ஏறிக்கிடக்கிறாள். கடைக்காரன் அவளைக் கத்தரித்தான், உன் தோளில் கிடந்த முன்னங்காலை மறந்துவிட்டான். கோட்டின்மேல் ஒரு செம்பட்டைக் கால் மட்டும் தொங்குகிறது.

உன் பெண்டாட்டி அதைப் பார்த்துச் சிரித்தாள். "ஏண்ணே, காலையாவது விட்டு வச்சானே" என்றாள். அதற்கப்புறம்தான் அழ ஆரம்பித்தாள். தங்கச்சியை அப்படி நான் பார்த்ததில்லை.

கொழுந்து கிள்ளுகிற பெண்களுக்குப் பின்னால் மேற்பார்வை பார்த்துக்கொண்டே நடப்பாள் என்று அவளுக்குக் கங்காணி என்று பெயர் வைத்தாயே, இப்போது அவள் ஜீப்பின் முன்சீட்டை விட்டு இறங்கமாட்டேன் என்கிறாள். உன்னை எடுத்துக்கொண்டு போன அன்று ஏறியவள். தண்ணீர் மட்டும் நக்குகிறாள். சோறு, கறி, கருவாடு, எதையும் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. மிருகாஸ்பத்திரி டாக்டரைக் கூட்டிவந்தேன். "நோவு ஒண்ணுமில்ல சேட்டா, இதுக்கு சங்கடமாணு" என்றார். துக்கமாம். "அதுக்கு என்ன மருந்து?" என்றேன். பையை மூடிவிட்டார்.

பயமாக இருக்கிறது மாப்ள. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் என்னால் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. இவளும் போய்விட்டால் உன்னைப் பற்றி யாரிடம் புறணி பேசுவேன்?

நேற்றுச் சாயங்காலம் பழைய படங்களைக் கட்டிலில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு படத்திலாவது எனக்கு முன்சீட்டு உண்டா, துரோகி? மறையூர் வெல்ல மூட்டைகளுக்கு நடுவே இன்னொரு மூட்டையாகப் பின்னால் கிடக்கிறேன். எனக்குப் பெண் பார்க்கப் போனபோதும் அப்படித்தான். "மச்சான், கல்யாண மாப்பிள்ளைக்குப் பின்சீட்டுதான் ராசி" என்றாய். பெண்வீட்டார் முதலில் நாய்க்குத்தான் வணக்கம் சொன்னார்கள்!

அப்புறம் அந்தப் படம் கையில் வந்தது. டூரிஸ்ட் பெண் ஒருத்தி எடுத்தது. உன் வாயில் பன். கங்காணியின் கண் உன் வாயின்மேல். பின்னாலிருந்து என் கை மட்டும் அடுத்த துண்டை நீட்டிக்கொண்டிருக்கிறது. உன் வண்டியின் சட்டம் அது. "முதல் துண்டு டிரைவருக்கு. அப்புறம் கங்காணி. மிச்சமிருந்தா மச்சான்." பன் வாங்கியவன் நான். மிச்சம் இருந்ததே இல்லை.

செருப்புகூட மாட்டாமல் டீக்கடைக்கு ஓடினேன். பன்னோடு பின்சீட்டில் ஏறி, ஒரு துண்டு பிய்த்து நீட்டினேன். காது அசைந்தது. திரும்பி வாங்கினாள் மாப்ள! தின்னவில்லை. மெதுவாகக் கழுத்தை நீட்டி, உன் சீட்டில் வைத்தாள். வைத்துவிட்டு, உன் வாய் இருக்கும் உயரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது? "அவன் வரமாட்டான்டி!" என்று கத்திவிட்டேன். அவளுக்கா சொன்னேன்?

கடைசியில் எட்டி அந்தத் துண்டை எடுத்து நானே தின்றேன். எச்சில், நாய்முடி, டீசல் வாசம். நான் விழுங்குகிறவரை என் வாயையே பார்த்தாள். அடுத்த துண்டை நீட்டினேன். தின்றாள். ஒரே ஒரு துண்டுதான். அதற்குமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

பிழைப்பாளா? தெரியாது. இன்னும் இறங்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அவள் தின்கிறவரைக்கும் உன் பங்கை நான் தின்பேன். சுகர் ஏறினால் ஏறட்டும். பின்னாலிருந்து எட்டித்தான் எடுப்பேன். உன் சீட்டில் மட்டும் உட்காரமாட்டேன்.

மிச்சமிருக்கிற உன் மச்சான்,
தங்கராசு