உடம்பு வைத்தது பற்றி

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கு இதைச் சொல்ல வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

பிள்ளை பெற்றவளுக்குச் சமைக்கவென்று நீங்கள் அனுப்பிய சரக்குத்தூள் பார்சலில் வந்தது. அதற்கு முந்தி ஒருநாள் வீடியோவில் என் கன்னத்தைப் பார்த்து, "நல்லா உடம்பு வைச்சிட்டாய் பிள்ளை, ஏதும் விசேஷமோ?" என்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். அதை ஆமென்று எடுத்துவிட்டீர்கள்.

விசேஷம் ஒன்றும் இல்லை, அம்மா. கால் எலும்பு நோகிறது என்று டாக்டரிடம் போனேன். நோர்வேக்காரி, பகிடியாகப் பேசுவாள். "உமக்கு வைட்டமின் டி காணாது. வெயிலும் இல்லை, உள்ள கொஞ்சத்தையும் உம்மட கொழுப்புப் பிடிச்சு வைச்சுக்கொண்டு இரத்தத்துக்கு விடுதில்லை, சரியான கஞ்சன்!" என்றாள். பிறகு, "வெளியில போறனீரோ? ஆரோட போவீர்?" என்று கேட்டாள். இரண்டாவது கேள்விக்கு எனக்குத் தெரிந்த நோர்வே மொழியெல்லாம் மறந்துபோனது.

இங்கே ட்ரோம்சோவில் இரண்டு மாதமாகச் சூரியன் எழும்பவில்லை. நேற்றுத்தான் திரும்பி வந்தது. அதைப் பார்க்க ஊரே, சூரியன் வரும் நாளில் சாப்பிடும் இனிப்புப் பணிஸ் பெட்டிகளோடு குன்றில் ஏறியது. நானும் போனேன். பக்கத்தில் நின்ற பெண் பெட்டியை நீட்டினாள். ஒன்று எடுத்தேன்.

"வீட்டில இருக்கிறவைக்கும் எடும், வெக்கப்படாதையும்" என்றாள்.

இன்னொன்றும் எடுத்தேன். இரண்டையும் அங்கேயே நின்று நானே சாப்பிட்டேன்.

மருமகனுக்கென்று இனிக் கடிதத்தில் தனியாக ஒன்றும் எழுத வேண்டாம், அம்மா. அவர் வேறு வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு மட்டும் எழுதுங்கள். விலாசம் பழையதுதான்.

இப்படிக்கு,
உங்கள் மகள்