ஹீற்றரிலை பிழையில்லை

இஞ்சாருங்கோ,

உடுப்புக் காயவைக்கிற டிரையரைத் திரும்பவும் கழட்ட வேண்டாம். காலமை குமிழைத் திருப்பினன், சூடு வருது. சனிக்கிழமை நீங்கள் ஓவனிலை கோழி வைக்கேக்கை, ரெண்டும் சேர்ந்தால் கறன்ற் நிண்டுபோடும் எண்டு டிரையரைக் குளிர்காத்துக்கு மாத்தினது ஆர்? அது அப்பிடியே கிடந்திருக்கு. நீங்கள் கோயில் வாசலிலை நிண்டு, "எமிலியானா வேலைவீட்டுச் சின்யோராவின்ரை திரைச்சீலையளை டிரையருக்குள்ளை போட்டு, அதின்ரை ஹீற்றரை எரிச்சுப்போட்டாள்" எண்டு சனத்துக்கெல்லாம் சொல்லியாச்சு.

பின்னேரம் உங்கடை கூட்டாளி பிறின்ஸ் பாவம், மாத்திப் போட எண்டு பிரான்காச்சோவிலையிருந்து ஒரு பழைய ஹீற்றரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலை வாறார். நீங்களே திருத்தினதெண்டு சொல்லுங்கோ. நானும் ஓம் எண்டுவன். மீன்குழம்பு இருக்கு, அவருக்கும் குடுங்கோ.

எமிலியானா

நீங்கள் பூட்டாமல் விட்ட ஸ்குரூவள் அரிசிப் பேணிக்குள்ளை.

உங்கடை வேலைச் சட்டை காய்ஞ்சிட்டுது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலிலை, திரைச்சீலையிலை பிழையில்லை எண்டு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கோ. என்னைப் பற்றி ஒண்டும் சொல்லத் தேவையில்லை.