இரண்டடி தள்ளி நின்ற கல்

எழுந்ததும் என்னைத் தேடாதே. கடப்பாரையோடு வயலில் இருக்கிறேன். பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன். பின்கதவைச் சாத்து, பூனை வரும்.

நீ ஜெயித்துவிட்டாய், போதுமா? என் அப்பா எல்லைக்கல்லைப் பக்கத்து வயலுக்குள் இரண்டடி தள்ளி நட்டது எனக்கு எப்போதோ தெரியும். "பாத்துக்கச் சொல்லி கர்த்தர் கொடுத்த நிலம். அடுத்தவங்க மண்ணையும் சேத்தா பொண்ணு பேருக்கு எழுதுவீங்க?" என்று நீ கேட்டதும் கத்திவிட்டேன். ஞாயிறன்று சபையில் வேதம் வாசித்தபோது, எல்லைக்கல்லைத் தள்ளி வைக்காதே என்ற வசனம் வந்ததும் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினேன். நீ மட்டும்தான் நிமிர்ந்து பார்த்தாய் என்று நினைத்திருந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் பக்கத்து வயல் அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கிறார். "கல்லு தள்ளி நிக்கிறது எனக்கும் தெரியும்ப்பா. அந்த வசனத்த நீ முழுங்கினப்பவே, இந்த வாரம் நீ வந்துருவன்னு நெனச்சேன்."

அப்பாடா! ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். என் குறட்டையில் உனக்கே தெரிந்திருக்கும்.

கல்லைப் பிடுங்கி நட அவரும் கூட வருகிறார். எட்டு மணிக்குச் சாப்பிட அழைத்து வருவேன், அவருக்கும் சேர்த்துச் சமை.

பி.கு.: நிலம் இரண்டடி குறைகிறது என்று மகளிடம் நீ சொல்லிவிடு. ஏன் குறைகிறது என்பதை நானே சொல்கிறேன்.