ஒரு கைப்பிடி உப்பு

மார்ச் 2

பதினொன்றாம் வகுப்புத் தாள்கள் முடிந்தன. உப்புக் கரைசலில் மேலும் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தேன். 'நிரம்பி வழியும்' என்று எழுதியிருக்கிறது ஒரு மேதை. அரை மதிப்பெண் போட்டேன். பொய்யில்லையே.

வீட்டு மேதை, சிறுநீரகக் கல்லைக் கரைக்கிறேன் என்று குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறார். நாத்தனார் வைத்தியம். போதுங்க என்றால், "கெமிஸ்ட்ரி, நீ சும்மா இரு. அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்." கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அதுதான் பெயர். பாடத்தை மட்டும் காதில் வாங்கியதே இல்லை.

மார்ச் 4

காலையில் சட்டையைக் காலில் மாட்டப் பார்த்தார். சிரித்தேன் — ஏன்டி சிரிச்சே என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். அடுத்த நிமிஷம் வலிப்பு.

ஆஸ்பத்திரி. ரத்தத்தில் சோடியம் 112. இருக்க வேண்டியது 135க்கு மேல். உப்பு எங்கும் ஓடிப்போகவில்லை, தண்ணீர் கூடிவிட்டது. நான் கேட்ட அதே கேள்வி, மனுஷன் உடம்பில்.

மார்ச் 5

மருந்துச் சீட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன். எழுபது கிலோ ஆளில் தண்ணீர் நாற்பத்திரண்டு லிட்டர். லிட்டருக்கு 24 மில்லிமோல் குறைகிறது. பெருக்கினால் ஏறக்குறைய ஒரு மோல். அறுபது கிராம்கூட இல்லை, ஒரு கைப்பிடி உப்பு! டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

"இன்னைக்கே ஏத்திடுங்களேன்!"

"கணக்கு சரிதான் மேடம். ஆனா இது பீக்கர் இல்லையே. வேகமா ஏத்தினா மூளை தாங்காது. ஒரு நாளைக்கு எட்டு ஏறினாப் போதும்."

'நல்லாக் கலக்கு, கரையும்' என்று வகுப்பில் கத்துகிறவள், சீட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

மார்ச் 6

119. நாத்தனார் வந்தார், கையில் பெரிய தண்ணீர் பாட்டிலோடு. "தம்பிக்கு நாக்கு வறண்டிருக்குமே!" நர்ஸ் பிடுங்கிக்கொண்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி தயாராக வைத்திருந்தேன். அவர் அழுதுவிட்டார். நானும்.

மார்ச் 7

127. ஒன்பதாம் வகுப்புத் தாள்களை இங்கேயே திருத்துகிறேன். எல்லோரும் பாஸ். உப்புநீர் ஏறுகிறது, சொட்டு... சொட்டு... அவர் வாயிலிருந்து இன்னும் 'கெமிஸ்ட்ரி' வரவில்லை.

மார்ச் 10

136.

"நம்பர் வந்துடுச்சு மேடம். ஆள் எப்ப வருவார்னு... பொறுத்துப் பாக்கணும்" என்றார் டாக்டரம்மா.

கண் திறந்தவர் என் விரலிலிருந்த சிவப்பு மையைப் பார்த்தார். ரொம்ப மரியாதையாக, "டீச்சருங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"தனியா உக்காந்திருக்கீங்களே. உங்க வீட்டுக்காரர் வரலையா?"

போர்வையை இழுத்துவிட்டேன்.

"பக்கத்துலதான் இருக்கார். வந்துடுவார்."