நான் எழுதாமல் விட்ட முதல் நாள்

என் அன்பு ஏகாம்பரம் அண்ணா,

நீங்கள் போய் நாற்பது நாளாகிறது. உங்கள் ஊரப்பாக்கம் வீட்டுக்கு வந்திருந்தேன். அண்ணி காபி கொடுத்து, "உன்னைப் பத்தி அடிக்கடி சொல்லுவாரும்மா, நல்ல பொண்ணுன்னு" என்றார். அந்தக் காபியை என்னால் குடித்து முடிக்க முடியவில்லை. நமக்குள் நடந்தது அண்ணிக்குத் தெரியாது.

லேத் மிஷின்களில் லோடிங் செய்ய ரோபோ வாங்கலாமா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பைக் கம்பெனி என்னிடம் கொடுத்தபோது, நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பன்னிரண்டு கிலோ பிரேக் டிரம்மைத் தூக்கி மிஷினுக்குள் வைக்கவும், முடிந்ததை வெளியே எடுக்கவும் உங்களுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச்சோடு பக்கத்தில் நின்றேன். முதல் நாள் நீங்கள் எப்போதும்போல வேலை செய்தீர்கள். மதியத்துக்கு மேல் கை தளர்ந்தது. அப்படிப் பார்த்தால் ரோபோதான் வேகம்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது கேட்டீர்கள். "இன்னா தங்கச்சி, ரோபோதான் ஜெயிக்குமா?"

"ஷிஃப்ட் முழுக்கப் பார்த்தா அப்படித்தான் வருதுண்ணா."

"லோடிங்ல நாங்க ஆறு பேரு கீறோம். அல்லாருக்கும் குடும்பம் கீது. நாளைக்கு நான் காட்றேன், அத்த எழுதிக்கோ."

அடுத்த இரண்டு நாளும் நீங்கள் தண்ணீர் குடிக்கக்கூட நிற்கவில்லை. கடைசி நாள், கம்ப்ரஸர் ரூமுக்குப் பின்னால் வலது தோளைச் சுவரில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நின்றதைப் பார்த்தேன். பார்க்காததுபோல் திரும்பிவிட்டேன். முதல் நாளை விட்டுவிட்டு, அந்த இரண்டு நாளை மட்டும் ரிப்போர்ட்டில் எழுதினேன். ரோபோ தேவையில்லை என்று முடித்தேன். ஆறு பேரைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பு எனக்கு. மேனேஜர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். அது இனித்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்த மாதமே அந்த வேகத்தை எல்லாருக்கும் டார்கெட் ஆக்கினார்கள். அப்படி ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லையா, இல்லை, யோசிக்க விரும்பவில்லையா?

தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஒரு நாள் என்னை நிறுத்தினீர்கள்.

"அந்த நம்பர கொஞ்சம் கொறைக்க முடியுமா, தங்கச்சி? தோளு தாங்கல."

"இப்ப மாத்தினா நான் பொய் எழுதினேன்னு ஆயிடும்ணா. என் வேலை போயிடும்."

கூட்டம் நம்மை இடித்துக்கொண்டு போனது. "செரி, வுடு. உனுக்கு இன்னாத்துக்கு பேஜாரு" என்றீர்கள். கோபமே இல்லை. கோபப்பட்டிருக்கலாம் அண்ணா.

ஒரு வருஷத்துக்குள் தோள் அடியோடு போய், நீங்களாகவே வேலையை விட்டு நின்றுகொண்டீர்கள். மேடவாக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேனாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தும் ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை. மாரடைப்பு என்று உங்களோடு லோடிங்கில் இருந்த தேவராஜ் போனில் சொன்னபோது, எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? 'நல்லவேளை, தோளால் இல்லை.' இதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது?

போன வாரம் ரோபோ பேச்சு மறுபடி வந்தது. மேனேஜரிடம் போய் முதல் நாள் குறிப்பைக் காட்டி, நான் செய்ததைச் சொன்னேன். அதைப் படித்துவிட்டு, "இதை அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. டார்கெட்டைக் குறைத்தார்கள். கனமான டிரம் ஓடும் இரண்டு மிஷினுக்கு மட்டும் ரோபோ வாங்க முடிவாகியிருக்கிறது. அங்கே இருக்கும் இருவரை இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாற்றுவதாக வாய்ச்சொல்லாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த இருவரில் தேவராஜும் ஒருவர். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். "அண்ணன் வந்து கேட்டப்போ வாயத் தொறக்கல. இப்ப வந்து இன்னா பண்ணப்போற?" என்றார். அதன்பிறகு என் முகத்தைப் பார்ப்பதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணியிடம் நானே போய்ச் சொல்லப்போகிறேன். ரோபோவை ஓட்டத் தொடங்க என் கையெழுத்து வேண்டும். அந்த இருவருக்கும் புது வேலைக்கான ஆர்டர் கையில் வரும்வரை அதைப் போட மாட்டேன். இந்த முறை என் வேலை போனாலும் சரி, அண்ணா.

உங்கள் பேச்சைத் தட்டிய தங்கச்சி,
ஸ்டெல்லா