சிவப்பு மையில் ஒரு திருத்தம்

அன்பு மகளுக்கு,

நீ பயந்த, முதுகுத்தண்டில் நீர் எடுக்கும் ஊசி தேவைப்படவில்லை. உன் மகள் ஒரு கருவியில் மோவாயை வைத்துப் பச்சை வெளிச்சத்தைப் பார்த்தாள். போட்டோ எடுப்பதுபோலக் கண் நரம்பைப் படமெடுத்தார்கள். பிறகு கையில் கொஞ்சம் ரத்தம் எடுத்தார்கள்.

"இவ்வளவுதானா தாத்தா? உங்க டிக்டேஷன் இதைவிட மோசம்," என்றாள்.

மூளை ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்த டாக்டர், "மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்தான் சார், நரம்போட உறையை அரிக்கிற நோய். ஆரம்பத்துலயே பிடிச்சிட்டோம், மருந்து தொடங்கிடலாம். கண் நரம்பு பாதிச்சா சிவப்பு நிறம் மங்கும்; இவளுக்கு எப்பலேர்ந்து சிவப்பு வெளுத்துத் தெரியுது?" என்று கேட்டார்.

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. சிவப்பு மையில் நான் திருத்தியதை அவள் கவனிக்கவே இல்லை என்று திட்டி, ஐந்து முறை எழுதவைத்த நாள் அது. நோட்டில் தேதி போட்டிருந்தேன்.

தேதியை டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இன்னும் வாய் வரவில்லை.

உன் அப்பா